வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்: ஒரே பருவத்தில் மறைந்த செல்டிக் வாரியர்ஸ்

கேள்வி: ரக்பி யூனியனில் (பதினைந்து பேர் ஆடும் ரக்பி வகை) ஒரே ஒரு பருவம் மட்டும் ஆடிவிட்டுக் கலைக்கப்பட்ட தொழில்முறை அணி உண்டா? தோல்விதான் காரணமா?
— வாசகர், திருச்சி

பதில்: உண்டு. வேல்ஸ் நாட்டின் செல்டிக் வாரியர்ஸ் அணி 2003ஆம் ஆண்டு உருவாகி, 2004 ஜூன் மாதத் தொடக்கத்திலேயே கலைக்கப்பட்டது. ஆட்டத்தில் தோற்றதற்காக அதைக் கலைக்கவில்லை என்பதுதான் இன்றளவும் பலருக்கு ஆறாத வருத்தமாக இருக்கிறது. வேல்ஸ், அயர்லாந்து, ஸ்காட்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் 12 அணிகள் மோதிய செல்டிக் லீக்கில், தன் ஒரே பருவத்தில் அது நான்காம் இடத்தைப் பிடித்தது. ஐரோப்பாவின் தலைசிறந்த கழகங்கள் ஆடும் ஹைனெக்கென் கோப்பையில், லண்டன் வாஸ்ப்ஸ் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 14-9 என்ற கணக்கில் வீழ்த்தியது. அந்த ஆண்டு கோப்பையை வென்றது அதே வாஸ்ப்ஸ்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த வெற்றியின் எடை விளங்கும். சர்வதேச ஆட்டங்களில் 1,000 புள்ளிகளைக் கடந்த முதல் வீரரான நீல் ஜென்கின்ஸ், கோல் கம்பங்களை நோக்கி உதைத்த பந்துகளில் ஒன்றுகூடத் தவறாமல் தொடர்ந்து 44 முறை வெற்றி கண்டதும் இந்த அணிக்காகத்தான்.

கேள்வி: அப்படியானால் கலைத்தது ஏன்? இரண்டு பழைய கழகங்களை இணைத்து உருவாக்கிய அணி என்று படித்தேனே?
— வாசகர், ஈரோடு

பதில்: 1995இல் ரக்பி யூனியன் தொழில்முறை ஆட்டமானது. அதன்பின், ஊருக்கு ஒன்றாக இருந்த வேல்ஸ் கழகங்களால் வீரர்களின் சம்பளச் சுமையைத் தாங்க முடியவில்லை. எனவே அங்கே ஆட்டத்தை நிர்வகிக்கும் அமைப்பான வேல்ஸ் ரக்பி யூனியனின் தலைமை நிர்வாகி டேவிட் மொஃபெட் காலத்தில், 2003இல் மேல்மட்ட ஆட்டம் ஐந்து அணிகளாகச் சுருக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று, பான்ட்டிப்ரீத், பிரிட்ஜெண்ட் என்ற இரு கழகங்களும் சரிபாதிப் பங்குடன் சேர்ந்து அமைத்த செல்டிக் வாரியர்ஸ். இரண்டுமே ஆட்டத்தில் நலிந்த அணிகள் அல்ல. பான்ட்டிப்ரீத் 2002இல் வேல்ஸ் கோப்பையை வென்றிருந்தது. பிரிட்ஜெண்ட் 2002-03 பருவத்தின் வேல்ஸ் லீக் சாம்பியன்.

ஆனால் பணம் வேறு வழியில் போயிற்று. கடன் நெருக்கடியில் சிக்கிய பான்ட்டிப்ரீத் கழகத்தின் பங்கு கைமாறியது. ரோன்டா ஆறு டாஃப் ஆற்றில் கலக்கும் இடத்தில் இருக்கும் அந்த ஊரும், அதைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளும், நிலக்கரிச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட பின்னரும் விடாமல் பற்றிக்கொண்டிருந்தது ரக்பியைத்தான். அணியில் தங்களுக்கு இனிப் பங்கில்லை என்ற நிலையில், பான்ட்டிப்ரீத்தின் சார்டிஸ் ரோடு மைதானத்தை நிறைத்தவர்கள் பிரிட்ஜெண்டின் ப்ரூவரி ஃபீல்டுக்கு உற்சாகமாகப் பயணம் செய்வார்கள் என்று எதிர்பார்த்தது நியாயமே அல்ல. பிரிட்ஜெண்ட் தரப்பின் உரிமையாளரான லெய்ட்டன் சாமுவேல் தம் பங்கை 12.5 லட்சம் பவுண்டுக்கு யூனியனிடம் விற்றார். யூனியன், மற்ற நான்கு அணிகளின் சம்மதத்துடன் வாரியர்ஸை மூடியது. யூனியன் ஐந்தாகப் பிரித்துக் கொடுத்த தொகையை நான்காகப் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் கூடுதலாகக் கிடைக்கும் என்ற கணக்கு அந்தச் சம்மதத்தில் இருந்தது என்றே நான் கருதுகிறேன். ஓர் அணி இருக்க வேண்டுமா என்பதை அதன் போட்டியாளர்களே தீர்மானிக்கும் ஏற்பாடு எந்த விளையாட்டுக்கும் நல்லதல்ல.

கேள்வி: அந்த அணியின் வீரர்கள் என்ன ஆனார்கள்?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: நட்சத்திர வீரர்களுக்கு இடம் கிடைத்தது. கேரத் தாமஸ் பிரான்ஸின் துலூஸ் அணிக்குப் போனார். எஞ்சிய வேல்ஸ் அணிகளில், ரையன் ஜோன்ஸ் ஆஸ்ப்ரீஸ் அணியிலும், கெதின் ஜென்கின்ஸ் கார்டிஃப் ப்ளூஸ் அணியிலும், கெவின் மோர்கன் டிராகன்ஸ் அணியிலும் சேர்ந்தனர். எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. வேல்ஸ் தேசிய அணியின் ஹூக்கராக (முன்வரிசையின் நடுவில் ஆடுபவர்) இருந்த மெவின் டேவிஸுக்கே முழுநேர ஒப்பந்தம் கிடைக்காமல், அவர் நீத் கழகத்தில் பகுதிநேர வீரராக ஆட நேர்ந்தது. பிறகுதான் இங்கிலாந்தின் க்ளாஸ்டர் அணி அவரை எடுத்துக்கொண்டது.

அடுத்த ஆண்டே, 2005இல், வேல்ஸ் 27 ஆண்டுகளுக்குப் பிறகு கிராண்ட் ஸ்லாம் வென்றது; அதாவது ஆறு நாடுகள் போட்டியில் எதிர்த்த ஐந்து அணிகளையும் தோற்கடித்தது. கார்டிஃபில் அயர்லாந்துக்கு எதிராக நடந்த கடைசி ஆட்டத்தில், ரோனன் ஓ'காரா உதைத்த பந்தைப் பாய்ந்து மறித்தார் கெதின் ஜென்கின்ஸ். முன்வரிசையில் தோள்கொடுத்து முட்டும் கனத்த உடல்வாகு கொண்ட அவர், உருண்டோடிய பந்தைக் காலால் தள்ளிக்கொண்டே போய், கோட்டுக்கு அப்பால் அதன் மேல் விழுந்து ட்ரை எடுத்தார். வேல்ஸின் மற்றொரு ட்ரையை எடுத்தவர் கெவின் மோர்கன். ஆக, 32-20 என்று முடிந்த அந்த ஆட்டத்தில் வேல்ஸின் இரண்டு ட்ரைகளும் கலைக்கப்பட்ட வாரியர்ஸின் வீரர்கள் எடுத்தவை. ஹூக்கராக இறங்கியவர் அதே மெவின் டேவிஸ். அந்தப் போட்டித் தொடருக்குக் கேப்டனாக நியமிக்கப்பட்டிருந்தவர் கேரத் தாமஸ். காயத்தால் அவர் இறுதி ஆட்டத்தில் ஆடவில்லை.

கேள்வி: அந்த இரு ஊர்களுக்கும் இப்போது அணி இருக்கிறதா?
— வாசகர், சென்னை

பதில்: பழைய கழகங்கள் இரண்டும் இருக்கின்றன, ஆனால் தொழில்முறை மட்டத்துக்குக் கீழேதான் ஆடுகின்றன. வாரியர்ஸ் மூடப்பட்டதும் பிரிட்ஜெண்ட் பகுதி ஆஸ்ப்ரீஸ் அணிக்கும், பான்ட்டிப்ரீத் பகுதி கார்டிஃப் ப்ளூஸ் அணிக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டன. பான்ட்டிப்ரீத் 2012 முதல் 2015 வரை தொடர்ந்து நான்கு முறை வேல்ஸ் பிரீமியர்ஷிப் பட்டத்தை வென்றது. ஆனாலும் மேல்மட்டத்துக்குச் செல்லும் வழி எதுவும் அதற்குத் திறக்கவில்லை. அங்கே இடம் ஆஸ்ப்ரீஸ், கார்டிஃப் போன்ற பிராந்திய அணிகளுக்கு மட்டுமே.