கத்திரி எடுப்பதற்கு முன்: பேட்டர்ன் பற்றிய கேள்வி பதில்

இந்த முறை பேட்டர்ன், அதாவது துணிமேல் வைத்து வெட்டும் தாள் வடிவம், அதைப் பற்றி மட்டும். தாளில் வரைவது, பிரிண்ட் எடுப்பது, துணியில் வைப்பது, பத்திரப்படுத்துவது என்று துணியில் கத்திரி படும்வரை உள்ள வேலைகள். மெஷின் கோளாறு, தையல் கூலி, ஆரி வேலை பற்றிக் கேட்டால் ஒரு வரிதான் கிடைக்கும். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஈரோடு: அக்கா, தையல் பழகிக்கொண்டிருக்கிறேன். குர்திக்கு ஒரு பிடிஎஃப் பேட்டர்ன் வாங்கி, பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் போட்டுத் தைத்தேன். மார்பில் பிடிக்கிறது. அளவு சரியாகத்தான் எடுத்தேன்.

அளவு சரியாக இருக்கும், பிரிண்ட்தான் சுருங்கியிருக்கும். தாளுக்குள் அடக்கி அச்சடிக்கும் வசதி பெரும்பாலும் தானாகவே தேர்வாகி இருக்கும். கடைக்காரரும் அதைக் கவனிக்காமல் தட்டிவிடுவார். 97 சதவீதத்தில் அச்சானால், 40 இன்ச் சுற்றளவு வரவேண்டிய குர்தி 38.8 இன்ச்தான் வரும். உடம்புக்கு அது நன்றாகவே தெரியும், தாளைப் பார்த்தால் தெரியாது.

பெரும்பாலான பிடிஎஃப் பேட்டர்ன்களில் ஏதாவது ஒரு பக்கத்தில் ஒரு சோதனைச் சதுரம் இருக்கும். முதலில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் 100 சதவீதத்தில் அச்சடித்து, ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். இன்ச் டேப் வேண்டாம், பழைய டேப் இழுபட்டிருக்கும். 5 செ.மீ. சதுரம் 4.85 என்று காட்டினால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் உங்கள் மூன்று சதவீதம் அங்கேதான் போயிருக்கிறது. அகலம், உயரம் இரண்டையும் அளக்க வேண்டும்.

இன்னொன்று. அமெரிக்காவில் தயாரான பேட்டர்ன் அவர்களுடைய லெட்டர் தாளுக்கு அமைத்ததாக இருக்கலாம். அது 216 மி.மீ. அகலம், நம் ஏ4 210 மி.மீ. அந்த 6 மி.மீ.யை பிரிண்டர் ஒன்று வெட்டிவிடும், இல்லாவிட்டால் மொத்தத்தையும் சுருக்கிவிடும். வாங்கும்போதே ஏ4 கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

தஞ்சாவூர்: பிடிஎஃப் பேட்டர்னை ஏ4-ல் அச்சடித்து முப்பது தாளை ஒட்டப் பொறுமை இல்லை. வேறு வழி?

கட்டட பிளான் பிரிண்ட் போடும் கடைக்குப் போங்கள். ஏ0 தாள் 841-க்கு 1189 மி.மீ., அதாவது ஏறக்குறைய 33-க்கு 47 இன்ச். ஒரு குர்தி ஒன்றிரண்டு தாளில் முடிந்துவிடும். கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், டாக்குமென்டாக அனுப்புங்கள். கடையிலும் சதுரத்தை அளக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

வீட்டிலேயே ஒட்டுவதென்றால் ஒவ்வொரு தாளிலும் வலது ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் மட்டும் வெட்டுங்கள், நான்கு பக்கமும் வேண்டாம். செலோ டேப்பைவிட பசை நல்லது. பேட்டர்னை அயர்ன் பண்ணும்போது டேப் உருகிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும்.

புதுச்சேரி: பர்டா (Burda) என்ற ஜெர்மன் தையல் பத்திரிகையின் பேட்டர்னில் 38 அளவு எடுத்தேன். எனக்கு மார்பு 38 இன்ச். ஆனால் ரொம்பச் சின்னதாக இருக்கிறதே?

அந்த 38 இன்ச் கணக்கு இல்லை, ஐரோப்பிய சைஸ் எண். அவர்களுடைய 38-க்கு மார்பு 88 செ.மீ., நம் கணக்கில் 34 ½ இன்ச்சுக்குச் சற்று மேல். உங்கள் 38 இன்ச்சை 2.54-ஆல் பெருக்கினால் 96.5 செ.மீ. வரும். அதை வைத்து அட்டவணையில் தேடுங்கள். கூடவே, அவர்கள் பத்திரிகையோடு வரும் தாள்களில் தையல் விடுப்பு (தையல் கோட்டுக்கு வெளியே விடும் துணி) சேர்ந்திருக்காது, நீங்கள்தான் சேர்க்க வேண்டும். பல அமெரிக்க உறை பேட்டர்ன்களிலோ 1.5 செ.மீ. விடுப்பு உள்ளேயே இருக்கும். எனவே நகல் எடுத்தவுடன் செய்யவேண்டிய முதல் வேலை, தாளில் பெரிய எழுத்தில் "விடுப்பு உண்டு" அல்லது "விடுப்பு இல்லை" என்று எழுதுவது. இதை இன்று பலமுறை சொல்வேன்.

திருநெல்வேலி: அளவு ஜாக்கெட்டை தாள்மேல் வைத்து அப்படியே வரைந்து பேட்டர்ன் எடுக்கலாமா டீச்சர்?

பின் பாகத்தை எடுக்கலாம். முன் பாகத்தை அப்படியே எடுக்க முடியாது. டாட் (உடம்பின் வளைவுக்காகத் துணியை முக்கோணமாக மடித்துத் தைப்பது) தைத்த துணி தட்டையாகப் படுக்காது. நீங்கள் கையால் அழுத்திப் படுக்க வைத்தால், டாட்டுக்குள் போன துணியெல்லாம் வரைபடத்தில் காணாமல் போகும். அந்த ஜாக்கெட் முன்பக்கம் தட்டையாகவும், கை அருகே சுருக்கத்தோடும் வரும்.

இப்படிச் செய்யுங்கள். ஜாக்கெட்டை உள்பக்கம் வெளியே திருப்பி அயர்ன் பண்ணுங்கள். தாளுக்குக் கீழே மடித்த போர்வையை விரியுங்கள். துணியை விளிம்பில் சுற்றி வரையாமல், தையல் கோட்டின்மேல் இடம் விட்டு இடம் குண்டூசியால் குத்துங்கள். தாளில் புள்ளி விழும். முன் பாகத்துக்கு ஹூக் ஓரத்திலிருந்து டாட் வரை ஒரு பகுதி, அங்கே நிறுத்தி, ஜாக்கெட்டைத் திருப்பிப் படுக்க வைத்து, டாட்டிலிருந்து பக்கத் தையல்வரை அடுத்த பகுதி. இரண்டுக்கும் நடுவே திறந்துகொள்ளும் இடைவெளிதான் டாட். அதன் அகலத்தை ஜாக்கெட்டிலேயே டாட்டின் உள்மடிப்பை அளந்து சரிபார்க்கலாம்.

வரைந்தபின், தாளில் டாட்டை மடித்துப் பிடித்துக்கொண்டு ஓரத்தை வெட்டுங்கள். பிரித்துப் பார்த்தால் டாட்டின் வாயில் ஒரு சின்ன முனை நீட்டிக்கொண்டிருக்கும். அது பிசகில்லை, இருக்கவேண்டியது. நேராக வெட்டிவிட்டால் தைத்தபின் அந்த இடத்தில் துணி போதாமல் பள்ளம் விழும்.

கிராஸ் கட் ஜாக்கெட்டாக இருந்தால் ரொம்பப் பழையதை அளவுக்கு எடுக்காதீர்கள். மூலைவாக்கில் வெட்டிய துணி உடுத்த உடுத்த நீளும். நீங்கள் எடுப்பது உங்கள் அளவாக இருக்காது, நீண்டுபோன துணியின் அளவாக இருக்கும்.

மதுரை: நாங்கள் கடை வைத்திருக்கிறோம். தாள் கீள் எல்லாம் வீண் வேலை. அளவைக் கையில் கொடுத்தால் துணியிலேயே சாக்பீஸ் போட்டு நிமிடத்தில் வெட்டுவோம். இவ்வளவு நீட்டிப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறீர்கள்.

வணக்கம் மாஸ்டர். உங்கள் கை வேகத்தோடு நான் போட்டிக்கு வரவில்லை. நீங்கள் நேராகத் துணியில் போடுவது ஒரு கணக்கை வைத்துத்தான். மார்பில் 12-ல் ஒரு பங்கு கழுத்து அகலம் என்று பல கடைகளில் போடுவார்கள். 36-க்கு 3 இன்ச், நன்றாகப் பொருந்தும். 48-க்கு அதே கணக்கு 4 இன்ச் கேட்கும். மார்பு பெருத்த அளவுக்குக் கழுத்து எலும்பு அகலமாவதில்லையே! சோல்டர் நழுவும். நீங்கள் அந்த இடத்தில் கண்ணால் பார்த்துக் குறைத்துவிடுவீர்கள். இன்று பழக வந்த பிள்ளைக்கு அந்தக் கண் இல்லை. அவள் தாளில் தப்பு செய்யட்டும், பட்டுத் துணியில் வேண்டாம்.

மதுரை மாஸ்டர் மறுபடியும்: கண்ணால் குறைப்பதுதான் தொழில். தாளில் பழகினால் அந்தக் கண் எப்போது வரும்?

நியாயமான கேள்வி. ஆனால் ஒருவருக்கு ஜாக்கெட் நன்றாக அமைந்துவிட்டது, ஆறு மாதம் கழித்து அதே போல இன்னொன்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோல்டரில் எவ்வளவு குறைத்தோம் என்பது எங்கே இருக்கிறது? நோட்டில் மார்பும் இடுப்பும்தான் இருக்கும். தாள் இருந்தால் அந்தக் கால் இன்ச் அதில் இருக்கும்.

திருப்பூர்: நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். பனியன் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டராக இருக்கிறேன். எங்களிடம் பேட்டர்ன் இல்லாமல் ஒரு பீஸ்கூட வெட்ட மாட்டோம். தாளே இப்போது கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. மதுரைக்காரர் சொல்வது பழைய கதை.

பழைய கதை என்று சொல்லாதீர்கள். உங்களிடம் ஒரே வடிவத்தில் ஆயிரக்கணக்கில் வெட்ட வேண்டும், அதனால் பேட்டர்ன் கட்டாயம். அவரிடம் வருகிற ஒவ்வொருவரும் வேறு உடம்பு. அளவு வாரியாக வெட்டிய தாள் பேட்டர்னை அமெரிக்காவில் பட்டரிக் என்ற தையல்காரர் 1863-ல் விற்கத் தொடங்கியதே, தையல்காரரிடம் போக முடியாமல் வீட்டில் தைப்பவர்களுக்காகத்தான். இங்கே கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த ரகம்.

மதுரை மாஸ்டர்: சரி, ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். 80 சென்டிமீட்டர் பிட்டில் பெரிய அளவு வந்தால் நானும் நியூஸ் பேப்பரில் வெட்டி வைத்துப் பார்ப்பேன்.

அதைத்தான் சொல்கிறேன் மாஸ்டர்! புடவையோடு வரும் பிட்டில் கையை எங்கே திருப்பி வைத்தால் பட்டிக்கு (ஜாக்கெட்டின் அடியில் வரும் பட்டைத் துண்டு) இடம் கிடைக்கும் என்று தாளை நகர்த்தி நகர்த்திப் பார்க்கலாம். சாக்பீஸ் கோட்டை நகர்த்த முடியாது. நியூஸ் பேப்பர் மட்டும் வேண்டாம், வெளிர் நிறப் பட்டில் மை ஏறும். பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம் போதும். இந்த விவாதத்துக்கு மட்டும் இன்னும் பன்னிரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும், நான் அடுத்ததற்குப் போகிறேன்.

சேலம்: ஜாக்கெட்டில் கையை இணைத்துத் தைக்கும்போது எப்போதும் கொஞ்சம் துணி மிஞ்சுகிறது, இல்லாவிட்டால் போதவில்லை. எங்கே தப்பு?

மெஷினுக்கு வரும் முன்பே தப்பு நடந்துவிட்டது. தாளிலேயே அளந்திருந்தால் தெரிந்திருக்கும். முன், பின் இரண்டின் ஆர்ம்ஹோல் (கை பொருத்தும் இடம்) வளைவையும் டேப்பைப் படுக்கப் போடாமல் விளிம்பில் நிறுத்தி அளங்கள். வெட்டும் கோட்டில் அளக்கக்கூடாது, தையல் கோட்டில் அளக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் நன்றாகவே வரும். ஆர்ம்ஹோலில் டாட் இருந்தால் அதை மடித்துவிட்டு அளங்கள், மறந்துவிட்டால் டாட்டின் அகலம் முழுவதும் கணக்கில் ஏறிக்கொள்ளும். கையின் மேல் வளைவு இந்தக் கூட்டுத்தொகையைவிட அரை இன்ச்சிலிருந்து முக்கால் இன்ச் கூட இருக்கலாம். அதற்குமேல் என்றால் பஃப் கையாகிவிடும். பக்கத் தையல், சோல்டர் எல்லாவற்றையும் இப்படி ஒன்றோடொன்று வைத்து ஓட்டிப் பாருங்கள்.

கோவை: பேட்டர்னில் தையல் விடுப்பு சேர்ந்திருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்?

புதுச்சேரிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

நாகர்கோவில்: லைனிங் துணியையும் நனைக்க வேண்டுமா? கடையில் "சுருங்காது" என்றார்கள்.

கடையில் அப்படித்தான் சொல்வார்கள். காட்டன் லைனிங்கை நனையுங்கள். தண்ணீரில் ஊறவிட்டு, முறுக்கிப் பிழியாமல், நிழலில் காயவைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே நேர்நூல் (துணியின் நீளத்தில் ஓடும் நூல்) வாக்கில் அயர்ன். மேல் துணி சுருங்காமல் உள்ளே லைனிங் மட்டும் சுருங்கினால் முதல் துவைப்பிலேயே ஜாக்கெட் முழுக்கச் சுருக்கம் விழும். பட்டுத் துணியை நனைக்க வேண்டாம். அப்புறம், நனைத்து அயர்ன் பண்ணிய பிறகுதான் பேட்டர்ன் வைப்பது. முன்னால் வெட்டிவிட்டு "இப்போது நனைக்கலாமா" என்று இன்றைக்கு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

வேலூர்: அடிநூல் அடிக்கடி சிக்குகிறது.

மேல்நூலைப் பிரஷர் ஃபுட்டைத் தூக்கிவைத்துவிட்டு மறுபடி கோர்த்துப் பாருங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் மெக்கானிக்.

காஞ்சிபுரம்: கரை வைத்த பட்டுப் பிட், வெல்வெட் இரண்டுக்கும் பேட்டர்ன் வைக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

பட்டில் முதலில் கையை வையுங்கள். கரை கையின் ஓரத்தில் வந்தாக வேண்டும், மற்றதெல்லாம் மிச்சத்தில்தான். இரண்டு கையிலும் புட்டா ஒரே உயரத்தில் விழுகிறதா என்று தாளின்மேல் புட்டாவின் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு அடுத்த கைக்குப் போங்கள். ஒரு கை வெட்டியதும் தாளைப் புரட்டிப்போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் இரண்டும் வலது கையாகவே வரும். குண்டூசி வேண்டாம், பட்டில் ஓட்டை நிற்கும். தராசுப் படிக்கல் இரண்டு வைத்தால் தாள் அசையாது.

வெல்வெட்டைக் கையால் தடவினால் ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் எதிர்க்கும். எல்லாத் துண்டுகளும் ஒரே திசை. பின் பாகத்தைத் தலைகீழாக வைத்து மிச்சம் பிடித்தால் வெளிச்சத்தில் வேறு நிறமாகத் தெரியும்.

திருச்சி: என் பிரிண்ட் சின்னதாக வந்திருக்கிறது அக்கா, ஏன்?

ஈரோடு.

கோவை மறுபடியும்: தேடிப் பார்த்தேன், என் பேட்டர்னில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

எழுதவில்லை என்றால் அளந்து பாருங்கள். சோல்டர் துண்டை உங்கள் சோல்டர் அளவோடு ஒப்பிடுங்கள். கழுத்தோரம், கையோரம் இரண்டிலும் விடுப்பு சேரும் என்பதால், ஒரு இன்ச் போல நீளமாக இருந்தால் விடுப்பு உள்ளே இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். கண்டுபிடித்ததும் எழுதிவிடுங்கள், தாயே.

சென்னை: ஒரு பீரோ நிறைய பேட்டர்ன். எது எதோடு என்றே தெரியவில்லை. போன மழைக்கு ராமபாணப் பூச்சி வேறு தின்றுவிட்டது.

ஒரு உடைக்கு ஒரு பழுப்பு உறை. உறைமேல் யாருக்கு, எந்த மாதம் எடுத்த அளவு, மார்பு, மொத்தம் எத்தனை துண்டு. உள்ளே ஒவ்வொரு துண்டிலும் பெயர், நேர்நூல் அம்பு, எத்தனை வெட்ட வேண்டும், மடிப்பில் வைப்பதா, விடுப்பு உண்டா. "7-ல் 3" என்று எண் போட்டால் எந்தத் துண்டு காணவில்லை என்று உடனே தெரிந்துவிடும். அடிக்கடி எடுப்பதை மடிக்காதீர்கள், மேலே ஓட்டை போட்டுச் சணல் கோர்த்து ஆணியில் தொங்கவிடுங்கள். மடிப்புக் கோட்டில்தான் தாள் முதலில் கிழியும்.

பூச்சிக்குப் பிடித்தது பசையும் ஈரமும். மைதா பசை போட்டு ஒட்டிய தாள்களை முதலில் தனியாக எடுங்கள். சுவரை ஒட்டிய அடித்தட்டில் எதையும் வைக்காதீர்கள். வசம்புத் துண்டு போட்டு வையுங்கள், ஆனால் மழைக்காலத்தில் நடுவில் ஒரு நாள் வெயிலில் விரித்துப்போடுவதற்கு அது ஈடாகாது.

பெரம்பலூர்: மகளுக்கு ஐந்து வயது. பாவாடை சட்டை பேட்டர்னில் 4 முதல் 10 வயது வரை கோடு இருக்கிறது. 5 வயதுக் கோட்டில் வெட்டிவிடட்டுமா?

வெட்டாதீர்கள்! மூலத் தாளை அப்படியே வைத்துவிட்டு, வேண்டிய கோட்டை மட்டும் டிரேசிங் வீலால் (கோட்டின்மேல் உருட்டும் பல் சக்கரம்) வேறு தாளுக்கு இறக்குங்கள். வயதைப் பார்க்க வேண்டாம், மார்பை அளந்து அந்தக் கோட்டை எடுங்கள். நீளத்துக்கு மட்டும் அடுத்த அளவின் கோட்டை எடுத்துக்கொண்டு, பாவாடையின் அடியில் இரண்டு இன்ச் மடிப்பு உள்ளே விட்டால் அடுத்த வருஷம் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். அந்த இரண்டு இன்ச்சைத் தாளில் சிவப்பு மையில் காட்டி வையுங்கள்.