நல்ல காலத்தில் வரும் மறதி

கேள்வி: வேலையில்லாமல் இருந்தபோது விடிய விடிய ஜெபித்தேன். இப்போது நல்ல வேலை, கைநிறையச் சம்பளம். ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் போகிறேன். மற்ற நாட்களில் கர்த்தரின் நினைப்பே வருவதில்லை. இது அவ்வளவு பெரிய தவறா? - ஒரு வாசகி

பதில்: ஆமாம் சகோதரி, இதை லேசாக விட்டுவிடாதீர்கள். வேதாகமத்தில் உபாகமம் 8-ம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். 40 வருஷம் வனாந்தரத்தில், கர்த்தர் வானத்திலிருந்து கொடுத்த மன்னா என்ற உணவை நம்பி நடந்த இஸ்ரவேல் ஜனங்களிடம் மோசே பேசுகிறார்: வயிறாரச் சாப்பிட்டு, நல்ல வீடு கட்டிக் குடியேறி, ஆடுமாடும் வெள்ளியும் பொன்னும் பெருகும்போது கர்த்தரை மறந்துவிடாதபடி எச்சரிக்கையாயிருங்கள் என்கிறார். அந்த மறதி எங்கே ஆரம்பிக்கும் என்பதும் 17-ம் வசனத்தில் இருக்கிறது. 'என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும்' இதைச் சம்பாதித்தது என்று மனதுக்குள் ஓடும் பேச்சு. இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று யாராவது கேட்டால் உங்கள் வாயில் முதலில் என்ன வருகிறது என்று கவனியுங்கள்.

நினைப்பு தானாக வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். தாவீதே 103-ம் சங்கீதத்தில் தன் ஆத்துமாவைப் பார்த்து 'அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே' என்று சொல்லவேண்டியிருந்தது. அப்புறம் பாவத்தை மன்னித்தது, நோயைக் குணமாக்கியது, அழிவிலிருந்து பிராணனை மீட்டது என்று ஒவ்வொன்றாக எண்ணுகிறார். நீங்களும் இரவில் 'நன்றி ஆண்டவரே' என்று பொதுவாகச் சொல்லி முடிக்காமல், அன்று நடந்த ஒரு நன்மையையாவது குறிப்பாகச் சொல்லி ஸ்தோத்திரியுங்கள்.

கேள்வி: வேலைக்கு நடுவில் எப்படி ஜெபிப்பது? முழங்கால்படியிட முடியாதே? - ஒரு வாசகர்

பதில்: யூதரான நெகேமியா பெர்சிய ராஜாவுக்குத் திராட்சரசம் கொடுக்கிற வேலையில் இருந்தவர். 'நீ கேட்கிற காரியம் என்ன' என்று அர்தசஷ்டா ராஜா கேட்டதற்கும் இவர் பதில் சொன்னதற்கும் நடுவே ஜெபம்பண்ணினார் என்று நெகேமியா 2:4 சொல்கிறது. சில நொடிதான் இருந்திருக்கும். ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: அது நடந்தது நிசான் மாதத்தில், எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்துகிடக்கும் செய்தி வந்ததோ அதற்குச் சுமார் 4 மாதம் முன்பு, கிஸ்லேவு மாதத்தில், அப்போதே அவர் அழுது, உபவாசித்து, இரவும் பகலும் மன்றாட ஆரம்பித்துவிட்டார். அந்தப் பழக்கம் இருந்ததால்தான் ராஜாவின் முன்னால் நின்றபோதும் மனம் சட்டென்று கர்த்தரிடம் போனது என்று நினைக்கிறேன். ஆகையால் காலையில் கொஞ்ச நேரமாவது தனியே ஜெபியுங்கள். பகலில், கோபத்தில் டைப் செய்த மெசேஜை அனுப்பும் முன், 'ஆண்டவரே, உதவிசெய்யும்' என்று மனதுக்குள் கேளுங்கள். அதற்கு முழங்கால்படியிட வேண்டியதில்லை.