ஃபைட்டர் குஞ்சு வளர்ப்பு: கேளுங்கள், சொல்கிறேன்

மட்டக்களப்புக் கல்லடியில் வீட்டுத் திண்ணையில் பத்து வருடமாக ஃபைட்டர் என்கிற சண்டை மீனில் குஞ்சு எடுத்து வருகிறேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

ஏறாவூர் தம்பி: நாலாம் நாள் நூறு குஞ்சுக்கு மேல் இருந்தது. ஏழாம் நாள் பத்துக்கூட இல்லை. தண்ணீரில் பிழையா?

பசி தம்பி. முட்டை ஒன்றரை நாளளவில் பொரிக்கும். அதன்பிறகு இரண்டு மூன்று நாளைக்கு வயிற்றோடு ஒட்டிய மஞ்சள் கருப் பைதான் குஞ்சுக்குச் சாப்பாடு. அது தீர்ந்து, குஞ்சு படுக்கை நிலையில் நீந்தத் தொடங்கிய அன்றே வாய்க்குள் அடங்குகிற உயிர் இரை வேண்டும். என் முதல் ஈற்றில் நானும் இதைத் தெரியாமல்தான் அத்தனையையும் சாகக் கொடுத்தேன். அன்று தொடக்கம் சாப்பாடு தயாராகாமல் சோடி சேர்ப்பதில்லை.

நம் பக்கம் வைக்கோலுக்குக் குறைவில்லை. ஒரு பிடி வைக்கோலை அவித்து ஆறவிட்டு, அந்தத் தண்ணீரில் ஒரு கோப்பை குளத்துத் தண்ணீர் கலந்து நிழலில் வையுங்கள். முதலில் பால்போலக் கலங்கி நாறும். சில நாளில் தெளிந்து நாற்றம் அடங்கும். அப்போதுதான் இன்புசோரியா என்கிற நுண்ணுயிர்கள் பெருகியிருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

நாலைந்து நாள் கழித்து ஆர்டீமியா, அதாவது உப்புநீரில் வாழும் சிறு இறால் வகை உயிர். முட்டையைக் கடையில் வாங்குங்கள், உப்புத் தண்ணீர் வாங்க வேண்டாம், கடல் பக்கத்தில்தானே இருக்கிறது. ஒரு லீட்டர் கடல் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி முட்டை போட்டு, காற்று மோட்டரை ஓடவிட்டால் நம் வெப்பத்துக்கு 24 மணி நேரமளவில் பொரிக்கும். ஒரு பக்கம் டோர்ச் அடியுங்கள், ஆர்டீமியாக் குஞ்சுகள் வெளிச்சத்துக்கு வந்து சேரும். உறிஞ்சி எடுத்து, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். கோது சேரக் கூடாது. நல்ல தண்ணீரில் ஆர்டீமியா சில மணி நேரத்தில் செத்துவிடும், அதனால் தின்கிற அளவுக்கு மட்டும்.

களுவாஞ்சிக்குடி தங்கச்சி: ஆண் மீனை எப்போது எடுப்பது?

முட்டையிட்டு முடிந்ததும் பெட்டையை எடுங்கள், இல்லாவிட்டால் ஆண் அதைக் கடித்துக் குதறும். ஆண் இருக்கட்டும். தண்ணீர் மேலே அது கட்டிய குமிழிக் கூட்டிலிருந்து விழுகிற முட்டையையும் குஞ்சையும் வாயால் பொறுக்கி மேலே வைப்பது அதுதான். குஞ்சுகள் படுக்கையாக நீந்தியதும் அதையும் எடுங்கள்.

கல்முனையிலிருந்து: அவித்த முட்டை மஞ்சள் கரு கொடுக்கலாமா?

வேண்டாம். தின்னாத கரு அடியில் அழுகி, ஒரே இரவில் தண்ணீரைக் கெடுக்கும்.

திருக்கோவில்: ஹீட்டர் தேவையா?

வெயில் காலத்தில் தேவையில்லை. மார்கழி மழையில் இரவுத் தண்ணீர் 25 பாகைக்குக் கீழே இறங்கினால் தேவை. ஆனால் எந்தக் காலத்திலும் தொட்டியை மூடி வையுங்கள், சிறு காற்றிடைவெளி போதும். மேற்பரப்பில் காற்றுக் குடிக்கும் உறுப்பு குஞ்சுக்கு மூன்று நாலு கிழமையில் உருவாகும். அந்த நேரத்தில் மேலே உள்ள காற்று தண்ணீரைப்போல இளஞ்சூடாக இருக்க வேண்டும்.

அக்கரைப்பற்று: மஞ்சள் கருவைத் துணியில் வடித்துக் கொடுத்தால்?

மேலே சொல்லிவிட்டேன். வடித்தாலும் அழுகும்.

காத்தான்குடி காக்கா: மூன்று மாதமாகிறது, ஆண்கள் அடிபடுகின்றன. எண்பது மீனுக்குப் போத்தல் எங்கே? வயல் வாய்க்காலில் விடப்போகிறேன், நுளம்புக் குடம்பியையாவது தின்னட்டும்.

காக்கா, தயவுசெய்து விடாதீர்கள். வாவியில் விட்டால் உவர்நீரில் வீணாகச் சாகலாம். வாய்க்காலில் விட்டால் சாகாது, அதுதான் என் பயம். இது தாய்லாந்து வயலிலும் சதுப்பிலும் பிறந்த மீன், நம் வயலும் அதற்கு வீடுதான். அவுஸ்திரேலியாவின் வடக்கே அடிலெய்ட் ஆற்றுச் சமவெளியில் இதே மீன் வெளி நீர்நிலைகளில் தானாகவே பெருகியிருக்கிறது. இங்கே தொட்டி சுத்தமாக்க வாங்கிய டேங்க் கிளீனர் மீன் குளங்களுக்குள் போய்விட்டதே, அதைத் திரும்பப் பிடிக்க முடிந்ததா?

மீண்டும் காத்தான்குடி: நுளம்புக் குடம்பியைத் தின்னக் கிணற்றில் குப்பி மீன் விடுகிறார்கள். ஃபைட்டர் மட்டும் என்ன பாவம் செய்தது?

நியாயமான கேள்வி. மூடிய சீமெந்துத் தொட்டியில் ஒரு ஆணை விடுங்கள், குடம்பியைத் தின்னும், நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். திறந்த வாய்க்கால் வேறு. நம் நன்னீரிலும் ஃபைட்டரின் உறவு முறையில் ஒரு சிறு மீன் உண்டு, சூடோஸ்ப்ரோமெனஸ் குபானஸ் என்று பெயர். அதுவும் குமிழியால் கூடு கட்டிக் குஞ்சு காக்கும். தொட்டியில் பெருகிய மீனை, அங்கே ஒட்டிய நோயோடு அதன் இடத்துக்குள் தள்ளுவது சரியில்லை.

வாழைச்சேனை: மழை வெள்ளத்தில் எல்லாம் தானாகவே போகிறதே, நாங்கள் விட்டால் என்ன?

போகிறது என்பதால்தான் ஐப்பசிக்கு முன்பே திறந்த தொட்டி மீனை வீட்டுக்குள் எடுக்கச் சொல்கிறேன். முற்றம், வடிகால், வயல் எல்லாம் ஒரே தண்ணீராகும் ஊர் இது.

மட்டக்களப்பு நகர்: சிவப்பையும் நீலத்தையும் சேர்த்தால் என்ன நிறம்?

நிறப் பரம்பரை பெரிய விஷயம், இன்னொரு நாள் அதற்கென்று உட்காருவோம். காக்காவின் எண்பது மீன் இப்போது அவசரம்.

காத்தான்குடி காக்கா: சரி, விடவில்லை. ஆனால் போத்தல்?

ஜாம் போத்தல் கொஞ்ச நாளைக்குத் தாங்கும், தண்ணீரை நாள் விட்டு நாள் மாற்றுங்கள். பெட்டைகளை ஒரே பெரிய தொட்டியில் வைக்கலாம். ஆண்களில் இருபதை நான் எடுக்கிறேன், வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வந்து ஏற்றுகிறேன். மீதியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுங்கள், மூடியில் துளை போட மறக்க வேண்டாம்.