மருந்தேற்றிய கம்பம்: அறுக்கலாமா, எரிக்கலாமா?

கேள்வி: கேரட் தோட்ட வேலிக்கு மருந்தேற்றிய (கரையான், பூஞ்சை வராமல் மருந்து ஊறவைத்த) கற்பூர மரக் (யூகலிப்டஸ்) கம்பங்கள் வாங்கினோம். இன்னும் ஈரமாக, பச்சையாக இருக்கின்றன. நீளமும் அதிகம். அறுத்து நடலாமா? மிச்சத் துண்டுகள் வெந்நீர் அடுப்புக்கு ஆகுமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: அடுப்புக்கு வேண்டவே வேண்டாம். பச்சை நிறம் தாமிரத்தால் வருவது. சி.சி.ஏ. என்ற மருந்தென்றால் (1930களில் நம் நாட்டு விஞ்ஞானி சொந்தி காமேசன் கண்டுபிடித்தது) தாமிரத்தோடு குரோமியமும் நச்சான ஆர்செனிக்கும் சேர்ந்திருக்கும். எரித்தால் ஆர்செனிக் கொஞ்சம் புகையில் வரும், மீதி சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலைப் பாத்தியில் போடுவது இன்னும் மோசம்.

ஈரக் கம்பத்தில் இப்போதே கை வைக்காதீர்கள். மருந்து மரத்தில் பிடிக்க நாளாகும். மலைக்குளிரில் இன்னும் தாமதம். மழை படாமல் அடுக்கிச் சில வாரம் காயவிடுங்கள்.

அறுத்த முகத்தைப் பாருங்கள்: ஓரத்தில் பச்சை வளையம், நடுவே மருந்து ஏறாத வைரம் (கெட்டியான உள்மரம்). கரையானும் பூஞ்சையும் நுழைவது அங்கேதான். அதனால் அறுத்த முனை மேலே, அறுக்காத முனை மண்ணில். வெட்டில் காப்பர் நாப்தனேட் (மரம் காக்கும் தாமிர மருந்து) இரண்டு பூச்சு. குழி இரண்டடி, அடியில் நாலு அங்குலம் ஜல்லி. ஆணி கால்வனைஸ் செய்ததாக (துத்தநாகம் பூசியதாக) இருக்கட்டும்; சாதா ஆணியைத் தாமிரம் அரித்துவிடும்.

திறந்தவெளியில், தார்ப்பாய் விரித்து அறுங்கள். என்95 முகக்கவசம், கண்ணாடி, கையுறை வேண்டும். கை கழுவாமல் டீ டம்ளரைத் தொடாதீர்கள்.