ஒரே எல்லைக்கு இரண்டு முறை பணமா?

வணக்கம் நண்பரே. குழாய் வழியே நெதர்லாந்திலிருந்து எரிவாயுவை வெளியே அனுப்பும் கொள்ளளவு (குழாயில் இவ்வளவு அனுப்பலாம் என்ற உரிமை) பழைய ஒப்பந்தத்தில் உங்களிடம் இருக்கிறது. ஜெர்மனியில் நுழையும் பாதி மட்டும் தனியாகக் கிடைக்கவில்லை, இரண்டையும் சேர்த்த கட்டாகத்தான் ஏலத்துக்கு வருகிறது என்கிறீர்கள். அப்படி வாங்கினால் நெதர்லாந்துப் பக்கத்துக்கு இரண்டு முறை கட்ட வேண்டுமே என்ற கவலை நியாயமானது. ஆனால் அப்படிக் கட்டத் தேவையில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017/459 விதியில் 21ஆம் பிரிவைப் பாருங்கள். ஒரு பக்கக் கொள்ளளவு மட்டும் கையில் உள்ளவர்களுக்குக் குழாய் நிறுவனங்கள் 2018 ஜனவரி முதல் இலவச மாற்றுச் சேவை தர வேண்டும்; அதாவது, கையில் உள்ள பாதியை வாங்கிய கட்டின் ஒரு பகுதியாக மாற்றித் தர வேண்டும். ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் பாதிக்கு, ஏலத்தில் அடிப்படை விலைக்கு மேல் ஏறிய தொகை இருந்தால் அதை மட்டும் கட்டினால் போதும்.

ஒன்று கவனியுங்கள்: ஆண்டு, காலாண்டு, மாதக் கணக்கில் கட்டாக வாங்கும் உறுதிக் கொள்ளளவுக்கே (இடையில் நிறுத்தமாட்டோம் என்று உறுதி தரப்பட்டது) இந்தச் சேவை உண்டு. நாள் கணக்கில் வாங்கிவிட்டு அப்புறம் கேட்டால் விதி கைகொடுக்காது. ஏலத்துக்கு முன்பே நெதர்லாந்துக் குழாய் நிறுவனத்துக்கு எழுதி, விண்ணப்பக் கெடுவைக் கேட்டுவிடுங்கள்.