தேய்ந்த என்ஜினும் மலைப்பாதை இழுவையும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒடுகத்தூரிலிருந்து பீஞ்சமந்தைப் பக்கத்து மலைக் கிராமங்களுக்குச் சென்று புளியும் சாமையும் ஏற்றி வரும் பழைய டீசல் ஜீப் ஒன்று எங்களிடம் இருக்கிறது. மஹிந்திராவின் 2523 சி.சி. எம்.டி.ஐ. என்ஜின். நீலப் புகை தள்ளுகிறது; ஆயில் குடிக்கிறது; ஏற்றத்தில் முதல் கியரிலேயே திணறுகிறது. சிலிண்டரை 1 மி.மீ. பெரிதாக்கி, பம்பில் டீசலைக் கூட்டிவிடலாம் என்கிறது ஒரு பட்டறை. என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ பொருத்தச் சொல்கிறார் இன்னொருவர். எங்களுக்கு வேகம் வேண்டாம். இழுவையும் நீண்ட உழைப்பும் போதும். எதைச் செய்வது?
– ஒடுகத்தூர் வாசகர்

பதில்: உங்கள் என்ஜினின் துளை, அதாவது சிலிண்டரின் உள்விட்டம் 88.9 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் ஓட்டம் 101.6 மி.மீ. ஓட்டம் நீண்ட இந்த அமைப்பு குறைந்த சுற்றில் உழைப்பதற்கு ஏற்றது. புதிதாக இருந்தபோது ஏறிய அதே ஏற்றத்தில் இன்று திணறுகிறது என்றால், புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்கு முன், இருந்த இழுவை எங்கே போயிற்று என்று பார்ப்பதே முறை. டீசல் என்ஜினில் எரிபொருளைப் பற்றவைப்பது அமுக்கப்பட்ட காற்றின் சூடுதான். சுற்று குறையக் குறைய, பிஸ்டனைச் சுற்றியுள்ள தேய்ந்த ரிங்குகளின் ஓரமாகக் காற்று நழுவிச் செல்ல அதிக அவகாசம் கிடைக்கிறது. அதனால்தான் வேலூர்ச் சாலையில் ஒழுங்காக ஓடும் வண்டி மலை ஏறும்போது காலை வாரிவிடுகிறது.

துளையை 1 மி.மீ. பெரிதாக்கினால் கொள்ளளவு ஏறத்தாழ 57 சி.சி., அதாவது நூற்றுக்கு இரண்டேகால் பங்குதான் கூடும். ஏற்றத்தில் அதை உணரவே முடியாது. ஆனால் சுவரின் கனத்தில் அரை மி.மீ. போய்விடும், அடுத்த முறை கடைவதற்கு இடமும் இருக்காது. தேய்மானத்தை நீக்க 0.25 அல்லது 0.50 மி.மீ. போதுமானால் அதோடு நிறுத்துங்கள். சிலிண்டரின் உட்சுவராக அமைந்த குழாயான லைனரையே மாற்ற முடியுமானால் பழைய அளவுக்கே திரும்புங்கள். டீசலைக் கூட்டுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். குறைந்த சுற்றில் காற்று போதாதபோது கூடுதல் டீசல் கரும்புகையாகிறது, பிஸ்டனின் தலையைச் சுடுகிறது. டர்போவும் நீங்கள் தவிக்கும் அந்தக் குறைந்த சுற்றில் பெரிதாகக் கைகொடுக்காது.

என்ஜினைப் பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். நான்கும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால், குறைந்திருக்கும் சிலிண்டரில் கோளாறு உறுதி. சிலிண்டருக்குள் சிறிது ஆயில் ஊற்றி மறுபடி அளக்கும் பழக்கம் பெட்ரோல் வண்டிக்குச் சரி. டீசலில் எரியறை மிகச் சிறியது என்பதால், ஊற்றிய ஆயிலே இடத்தை அடைத்து அளவை உயர்த்திக் காட்டி நம்மை ஏமாற்றிவிடும். பிரித்த பிறகு, துளையை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளந்து எழுதித் தரும் லேத் பட்டறையை நாடுங்கள். விரலால் தடவிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் வேலையைக் கொடுக்காதீர்கள். கிராங்க் தண்டில் பேரிங் அமரும் கழுத்துகள் முட்டை வடிவாகத் தேய்ந்திருந்தால், கடைந்து அதற்குரிய குறை அளவு பேரிங் போட வேண்டும்; புதுப் பேரிங்கை மட்டும் மாற்றி ஒப்பேற்றினால் ஆயில் அழுத்தம் நிற்காது. ஆயில் பம்பையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ரிங்கின் இரு முனைகளுக்கு இடையிலான வாய் இடைவெளி, 100 மி.மீ. துளைக்கு 0.3 முதல் 0.4 மி.மீ. என்ற கணக்கில் இருக்கிறதா என்று, ஒவ்வொரு ரிங்கையும் துளைக்குள் வைத்துப் பார்த்த பிறகே அதைப் பிஸ்டனில் ஏற்ற வேண்டும்.

சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங் முடிந்ததும் சிலிண்டரை டீசலால் கழுவுவதே பெரும்பாலும் நடக்கிறது. புது என்ஜினின் ஆயுளைக் குறைப்பது இதுவே. தேய்ப்புக் கல்லின் பொடி டீசலில் முழுதாகப் போகாது. சோப்பும் வெந்நீரும் கொண்டு தூரிகையால் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும்; உடனே ஆயில் பூசிவிட வேண்டும், இல்லையேல் துருப்பிடிக்கும்.

இத்தனை செலவும் வீணாகாமல் இருப்பது ஏர் கிளீனரின் கையில் இருக்கிறது. மண்பாதையின் புழுதிதான் உங்கள் ரிங்குகளைத் தின்றிருக்கும். ஆயில் தொட்டி உள்ள பழைய ஏர் கிளீனரானால், கோடைக்காலத்தில் வாரம் ஒருமுறை திறந்து சேற்றை அகற்றுங்கள். குறிக்கு மேல் ஆயில் ஊற்றக் கூடாது. செங்குத்தான ஏற்றத்தில் அந்த ஆயிலையே என்ஜின் உறிஞ்சி, நிறுத்த முடியாமல் ஓடத் தொடங்கும் அபாயம் உண்டு. கிளீனரிலிருந்து, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டு வரையிலான ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால் கிளீனர் இருந்தும் இல்லாததுபோலத்தான்.

டீசலைத் தெளிக்கும் நாசில்களையும் டீசல் பம்பையும் மூல அளவுக்குச் சோதனை மேடையில் சரிசெய்யுங்கள். வேலூர் வெயிலுக்குப் பயந்து என்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போவதைத் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊர் வழக்கம். அப்படிச் செய்தால் என்ஜின் சூடேறவே நேரம் பிடித்து, சிலிண்டர் வேகமாகத் தேயும். அதை இருக்க விட்டு, ரேடியேட்டரையும் விசிறியைச் சுற்றியுள்ள கூண்டையும் செம்மைப்படுத்துங்கள். மெதுவாக ஏறும் வண்டிக்குக் காற்று விசிறியிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

கேள்வி: என் ஜீப்பில் 29 அங்குல டயருக்குப் பதில் 31 அங்குல டயர் போட்ட பிறகு இழுவை குறைந்துவிட்டது. என்ஜினைப் பிரிக்க வேண்டுமா?
– குடியாத்தம் வாசகர்

பதில்: அழுத்தம் சரியாக இருந்தால் பிரிக்க வேண்டாம். டயரின் விட்டம் கூடியதால் சக்கரத்தில் கிடைக்கும் இழுவிசை ஏறத்தாழ ஆறரை சதவீதம் குறைந்திருக்கிறது. பழைய அளவு டயருக்குத் திரும்புங்கள். அல்லது ஏற்றம் தொடங்கும் முன்பே நான்கு சக்கர லோ கியரில் போட்டுவிடுங்கள். கிளட்சை அரைப்பிடியில் தேய்த்து ஏற்றுவது எரிந்த கிளட்ச் தட்டில்தான் முடியும்.

கேள்வி: என்ஜின் வேலை முடித்து நேற்றுதான் வண்டி வந்தது. இரண்டு நாள் வண்டியை நகர்த்தாமல் ஐடிலில் ஓடவிட்டு ‘செட்’ ஆக்கச் சொல்கிறார் மெக்கானிக். சரியா?
– பேரணாம்பட்டு வாசகர்

பதில்: சரியில்லை. பளு இல்லாமல் நெடுநேரம் ஓடினால் ரிங்குகள் சுவரோடு பொருந்தாமல், சுவர் கண்ணாடிபோல் மழுமழுத்துவிடும். பிறகு ஆயில் குடிப்பது நிற்காது. கசிவு பார்க்கும் அளவுக்கு மட்டும் ஓடவிட்டு, உடனே சாலைக்கு எடுத்துச் சென்று, மிதமான பளுவில், சுற்றைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுங்கள். உயர்ந்த கியரில் திணறவிடவும் வேண்டாம். 500 கி.மீ. ஆனதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, வடித்த ஆயிலில் உலோகத் துகள் மினுக்குகிறதா என்று வெயிலில் வைத்துப் பாருங்கள். சிலிண்டர்கள் அமைந்த பிளாக்கையே மாற்றியிருந்தால், பதிவுச் சான்றிதழில் என்ஜின் எண்ணைத் திருத்திக்கொள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.