வாசகர் கேள்வி-பதில்: பாட்டியும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து செல்லும் கடலோர விடுமுறை

கேள்வி: ஜூன் பள்ளி விடுமுறையில் ஐந்து நாள் வெளியூர் சென்று வரலாம் என்று நானும் கணவரும் நினைக்கிறோம். மகன் தொடக்கநிலை மூன்றில் படிக்கிறான்; மகளுக்கு 5 வயது. எங்களுடன் வசிக்கும் மாமியாருக்கு 74 வயது. நீரிழிவும் முழங்கால் வலியும் உண்டு. சைவ உணவு மட்டுமே உண்பார். பிள்ளைகள் கடலில் விளையாட வேண்டும் என்கிறார்கள், கணவர் பாலிக்குப் போகலாம் என்கிறார், மாமியாரோ “நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய்விட்டு வாருங்கள்” என்கிறார். எங்கே செல்வது? எப்படித் திட்டமிடுவது?
- வாசகி, செங்காங்

பதில்: உங்கள் மாமியார் சொன்னதிலிருந்தே தொடங்குவோம். வயதானவர்கள் “நீங்கள் போய்விட்டு வாருங்கள்” என்று சொல்லும்போது, பயணத்தில் விருப்பமின்மையைவிட, மெதுவாக நடந்து மற்றவர்களைக் காக்க வைத்துவிடுவோமோ, கழிப்பறைக்காக அடிக்கடி வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்குமோ என்ற கூச்சமே பெரும்பாலும் அதில் இருக்கும். ஆகவே “வருகிறீர்களா, அத்தை?” என்று பொதுவாகக் கேட்டால் அதே பதில்தான் மீண்டும் கிடைக்கும். எவ்வளவு தூரம் நடந்தால் கால் வலிக்கத் தொடங்குகிறது, எத்தனை படிகள் ஏற முடியும், எந்தக் கோயிலை, எந்த ஊரைப் பார்க்க ஆசை என்று தனித்தனியாகக் கேளுங்கள். அந்தப் பதில்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமே தவிர, ஊரை முடிவு செய்துவிட்டு அவரை அதற்குள் பொருத்தப் பார்க்கக்கூடாது.

நாம் வாழும் சிங்கப்பூரே நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 1.3 பாகை வடக்கில்தான் இருக்கிறது. ஆகவே பக்கத்து நாட்டுக் கடற்கரைக்குப் போவதால் வெயிலோ புழுக்கமோ நமக்குப் புதிதாகிவிடப் போவதில்லை. வீட்டில் மின்விசிறிக்கும் மின்தூக்கிக்கும் பழகிய ஒருவர் திடீரென்று நாள் முழுதும் அந்த வெயிலில் இருக்க நேர்கிறது என்பதுதான் வேறுபாடு. அதனால் எந்த ஊருக்குப் போனாலும், காலை பதினொரு மணி முதல் பிற்பகல் நான்கு மணி வரை எல்லோரும் அறைக்குள்ளோ நிழலிலோ இருக்கும்படி நாளை அமைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்பதற்கு மேல் எதையும் திட்டத்தில் சேர்க்க வேண்டாம். பயணத் திட்டத்தில் இடங்கள் எத்தனை என்று எண்ணுவதைவிட, வண்டியில் ஏறி இறங்குவது எத்தனை முறை என்று எண்ணிப் பாருங்கள். முழங்கால் வலி உள்ளவரைக் களைப்படையச் செய்வது அந்த ஏற்ற இறக்கம்தான்.

பாலிக்கு ஜூன் மாதம் ஏற்றதே. அங்கே ஏறத்தாழ ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட பருவம். ஆனால் விமானப் பயணமே இரண்டரை மணி நேரத்துக்கு மேல். பார்க்க வேண்டிய இடங்கள் தீவெங்கும் சிதறிக் கிடக்கின்றன, சாலை நெரிசல் கடுமையானது, புகழ்பெற்ற கோயில்கள் பலவற்றில் படிகள் மிகுதி. கணவர் விடாப்பிடியாக இருந்தால் சானூர் பகுதியில் மட்டும் தங்குங்கள். அங்கே பவளத்திட்டு அலையைத் தடுப்பதால் கடல் அமைதியாக இருக்கும். கரையோரமாகச் சமதளப் பாதையும் உண்டு. பாலியில் 2008ஆம் ஆண்டு முதல் வெறிநாய்க்கடி நோய் இருந்து வருவதால், குரங்குகளுக்கும் தெருநாய்களுக்கும் பிள்ளைகள் உணவு நீட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடியோ கீறலோ பட்டால், அந்த இடத்தைச் சோப்பும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரிடம் தடுப்பூசிக்குச் செல்ல வேண்டும்.

இந்தோனீசியத் தீவான பிண்டான் பிள்ளைகளின் ஊர். தானா மேரா படகு முனையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். ஜூன் மாதத்தில் லாகோய் பகுதிக் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். ஆனால் அங்கே விடுதியை விட்டு வெளியே சென்றால் உங்கள் மாமியாரைக் கவரக்கூடியது அதிகமில்லை. சைவ உணவுக்கும் விடுதிச் சமையலறையின் தயவைத்தான் எதிர்பார்க்க வேண்டியிருக்கும்.

உங்கள் குடும்பத்துக்கு நான் பரிந்துரைப்பது பினாங்கு. ஒன்றரை மணி நேர விமானப் பயணம்தான். நேர வேறுபாடும் கிடையாது. ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் சைவ உணவுக்கு அலைய வேண்டியதில்லை, தமிழில் பேசியே காரியத்தை முடித்துக்கொள்ளலாம். குவீன் ஸ்திரீட்டில் 1833ஆம் ஆண்டு கட்டப்பட்ட மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. தண்ணீர்மலை முருகனைப் பார்க்க வேண்டும் என்று மாமியார் நிச்சயம் கேட்பார். மேலே இருக்கும் கோயிலுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் இருப்பதால், அவரை நகரத்தார் கோயிலில் வழிபட வைத்துவிட்டு, மகனும் தந்தையும் மட்டும் அதிகாலையில் மலையேறி வரலாம். பினாங்கு மலைக்கு ரயில் உண்டு. எண்ணூறு மீட்டருக்கு மேற்பட்ட உயரம் என்பதால் மேலே சில பாகை குளிர்ச்சி கிடைக்கும். வார நாளில், காலையிலேயே சென்றுவிட்டால் வரிசையில் நிற்கும் தொல்லை குறையும்.

பினாங்கின் குறையையும் சொல்லிவிடுகிறேன். பத்து பெரிங்கி கடற்கரையில் மாலை நேரத்தில் உலாவுவது இன்பம். ஆனால் கடல்நீர் பிண்டானைப்போல் தெளிவாக இருக்காது, இழுதுமீன்களும் (ஜெல்லி மீன்கள்) வருவதுண்டு. எனவே மணலில் விளையாட்டு, நீச்சல்குளத்தில் நீராட்டம் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஜூன் மாதத்தில் மழையும் பெய்யலாம். ஐந்து நாளும் ஒரே விடுதியில், பத்து பெரிங்கியிலேயே, தங்குவது நல்லது. நகரில் இரண்டு நாள், கடற்கரையில் மூன்று நாள் என்று பிரித்தால் பெட்டி கட்டுவதிலேயே ஒரு நாள் போய்விடும்.

விடுதிக்கு எழுதிக் கேட்க வேண்டியவை சில உண்டு. குளியலறையில் தொட்டியைத் தாண்டிக் குளிக்க வேண்டியிருக்கிறதா அல்லது சமதளத்தில் நின்று குளிக்கலாமா, பிடிமானக் கம்பி உண்டா, அறையிலிருந்து உணவகத்துக்குச் செல்லும் வழியில் படிகள் உண்டா, அறைக் குளிர்பெட்டி உண்மையிலேயே குளிருமா என்பவையே அவை. விளம்பரப் படத்தில் அழகாகத் தெரியும் மேட்டு வில்லாக்களைவிட மின்தூக்கி உள்ள சாதாரணக் கட்டடமே உங்களுக்கு மேல். இரண்டு அறைகளுக்கு நடுவே கதவு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். அப்படி வாங்கிவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் பாட்டியின் அறையில் படுக்க வைத்துவிட்டு நீங்கள் இருவரும் வெளியே போய்விடாதீர்கள். ஏதாவது ஒரு மாலை அவராகவே முன்வந்து பார்த்துக்கொண்டால் நல்லது. ஐந்து இரவும் அதுவே ஏற்பாடாகிவிட்டால், அவருக்குச் செங்காங்கும் பினாங்கும் ஒன்றுதான். நீச்சல்குளத்தின் ஓரத்தில் 5 வயதுச் சிறுமிக்குக் காவலாக, வேகமாக எழ முடியாத ஒருவரை அமர்த்துவது பாதுகாப்பும் அன்று. காற்றடைத்த மிதவை உயிர்காக்கும் சாதனமாகாது என்பதையும் நினைவில் வையுங்கள். தண்ணீரில் மகள் இருக்கும்வரை பெற்றோரில் ஒருவர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களின் பாதம் குறித்துப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நீண்ட நாள் நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், சுடுமணலோ கோயில் பிராகாரத்தின் கொதிக்கும் தரையோ சுட்டுக் கொப்புளம் எழுந்த பிறகும் அவருக்குத் தெரியாமல் போகலாம். மணலில் எப்போதும் காலணி அணியட்டும். கோயிலுக்குத் தரை சூடேறும் முன்பே, காலையில் செல்லுங்கள். ஒவ்வோர் இரவும் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பார்த்துவிடுங்கள். வழக்கத்தைவிட அதிகமாக நடக்கும் நாளில் சர்க்கரை அளவு இறங்கக்கூடும் என்பதால், கைப்பையில் ரொட்டியும் இனிப்பும் இருக்கட்டும். வயதானவர்களுக்குத் தாகம் எளிதில் தெரியாது. கேட்கும்வரை காத்திராமல் தண்ணீரை நீங்களே எடுத்துக் கொடுங்கள். சிறுநீர் அதிகம் போக வைக்கும் மாத்திரை எடுப்பவராக இருந்தால், எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று பலதுறை மருந்தகத்தில் முன்பே கேட்டுக்கொள்வது அவசியம்.

விமானச் சீட்டு வாங்கும்போதே சக்கர நாற்காலி உதவியையும் கேட்டுப் பதிவு செய்யுங்கள்; குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பு சொல்ல வேண்டும் என்பதே பல விமான நிறுவனங்களின் நடைமுறை. “எனக்கு எதற்கு நாற்காலி?” என்று அவர் மறுக்கலாம். சாங்கியின் நீண்ட நடையைச் சொல்லிப் புரியவையுங்கள்.

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து என் தாயார் வருகை விசாவில் இங்கே வந்திருக்கிறார். நாங்கள் சிங்கப்பூர்க் குடிமக்கள், பிள்ளைகள் இருவர். அம்மாவையும் அழைத்துக்கொண்டு மூன்று நாள் பிண்டான் சென்று வர விரும்புகிறோம். திரும்பி வருவதில் சிக்கல் வருமா?
- வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: படகுச் சீட்டு வாங்கும் முன் உங்கள் தாயாரின் சிங்கப்பூர் விசாவை எடுத்துப் பாருங்கள். ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவாக இருந்தால், பிண்டான் சென்றதும் அது முடிந்துவிட்டது என்று பொருள்; திரும்பி வர வேறு விசா வேண்டும். பலமுறை நுழைய அனுமதிக்கும் விசா என்றால் வரலாம். ஆயினும் அது நுழைவதற்கான உறுதிமொழி அன்று. எத்தனை நாள் தங்க அனுமதிப்பது என்பதைச் சோதனைச் சாவடி அதிகாரி அன்று புதிதாக முடிவு செய்வார். தாயாரின் இந்தியா திரும்பும் விமானச் சீட்டைக் கையில் வைத்திருங்கள். திரும்பும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் சிங்கப்பூர் வருகை அட்டையை அவருக்காக மீண்டும் இணையத்தில் நிரப்ப வேண்டும். முன்பு நிரப்பியது செல்லாது. கடல்வழி திரும்பும் குடிமக்களும் அதை நிரப்ப வேண்டும்.

இந்தோனீசியாவுக்குச் சிங்கப்பூர்க் கடப்பிதழுடன் குறுகிய காலப் பயணம் செல்ல விசா தேவையில்லை; இந்தியக் கடப்பிதழுக்கு விசா வேண்டும், அதைச் சென்றிறங்கும் படகு முனையத்திலேயே பெறலாம். எல்லோருடைய கடப்பிதழும் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். பெரியவர்களின் கடப்பிதழுக்குப் பத்தாண்டு என்று பழகிவிட்ட நாம், 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு அது ஐந்தாண்டுதான் என்பதை மறந்துவிடுகிறோம். படகு முனையத்தில் அது தெரியவந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. பிண்டானில் கடிகாரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும். சீட்டில் உள்ள திரும்பும் நேரம் எந்த ஊர் நேரம் என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு 70 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அவரையும் என் மகளையும் லங்காவிக்கு அழைத்துச் செல்கிறேன். சாதாரணப் பயணக் காப்புறுதி போதுமா? மருந்துகளை எப்படி எடுத்துச் செல்வது?
- வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: போதாது. சாதாரணப் பயணக் காப்புறுதித் திட்டங்கள், முன்பே உள்ள நோயால் வரும் செலவை ஏற்பதில்லை. லங்காவியில் நெஞ்சுவலி வந்தால், அதைப் பழைய நோயின் தொடர்ச்சி என்று சொல்லி மறுக்க இடமுண்டு. முன்பே உள்ள நோய்க்கும் காப்பளிக்கும் திட்டங்கள் சிங்கப்பூரில் கிடைக்கின்றன, விலை கூடுதல். அவற்றில் வயது வரம்பு என்ன, நோயாளியைச் சிங்கப்பூருக்குக் கொண்டு வரும் செலவு அடங்குமா என்ற இரண்டையும் படித்துப் பார்த்து வாங்குங்கள். சிங்கப்பூரின் தேசிய மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் வெளிநாட்டுச் சிகிச்சைக்கு உதவாது. சீட்டுகளைப் பதிவு செய்த உடனேயே காப்புறுதியை வாங்குவது நல்லது. புறப்படும் முன் தந்தைக்கு உடல்நலம் குன்றிப் பயணத்தை ரத்து செய்ய நேர்ந்தாலும் அப்போதுதான் பயன்படும். இதய மருத்துவரிடம் பயணத்தைச் சொல்லி ஒப்புதல் பெறுவதை இதற்கெல்லாம் முன்பே செய்துவிடுங்கள்.

மருந்துகள் அனைத்தும் கைப்பையில் இருக்க வேண்டும். விமானத்தின் அடியில் போகும் பெட்டி தொலைந்தால் மருந்தும் தொலையும். மருந்தகத்தின் பெயர்ச்சீட்டு ஒட்டிய உறையிலேயே, சில நாள் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். நோயும் மருந்தும் குறிக்கப்பட்ட மருத்துவர் கடிதம் ஒன்றும் இருக்கட்டும். காய்ச்சல் வந்தால் உங்கள் மகளுக்கோ தந்தைக்கோ ஐபுப்ரொஃபென் கொடுக்காதீர்கள். இந்த வட்டாரம் முழுவதும் டெங்கி உண்டு. அக்காய்ச்சலில் அது இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும். பாராசிட்டமால் கொடுத்து, மருத்துவரைப் பாருங்கள். தந்தை இதயத்துக்காக அன்றாடம் ஆஸ்பிரின் எடுப்பவராக இருந்தால் அதைத் தாமாக நிறுத்தாமல், காய்ச்சல் என்றதும் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். டெங்கிக் கொசு பகலில், அதிலும் விடிந்தபின்னும் பொழுது சாயும் முன்னும் அதிகம் கடிப்பதால், நான் மேலே நல்ல நேரம் என்று சொன்ன அதே நேரங்களில்தான் கொசுவிரட்டியைத் தடவிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தியோமான் தீவுக்கு அழைத்துச் செல்லலாமா?
- வாசகர், தெம்பனிஸ்

பதில்: வேண்டாம். ஏறத்தாழ நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தீபகற்ப மலேசியாவின் கிழக்குக் கரையைத் தாக்குகிறது. கடல் கொந்தளிக்கும், படகுப் போக்குவரத்து தடைபடும், தீவு விடுதிகள் பலவும் மூடியிருக்கும். வயதானவர்களுடன் அங்கே சிக்கிக்கொள்வது விளையாட்டன்று. அதே டிசம்பரில் மேற்குக் கரையில் லங்காவியும் தாய்லாந்தின் புக்கெட்டும் வறண்ட பருவத்துக்குள் நுழைகின்றன, அங்கே செல்லுங்கள். லங்காவியில் கம்பிவட வண்டியில் மேலே போவதற்குக் காற்று குறைந்த காலை நேரமே உகந்தது. பலமான காற்றில் அதை நிறுத்திவிடுவார்கள். இரு இடங்களின் கடலிலும் பெட்டி இழுதுமீன் காணப்படுவதால், பிள்ளைகளுக்குக் கை கால் முழுதும் மூடும் நீச்சலுடை வாங்குங்கள். சிறு புட்டியில் புளிக்காடியும் (வினிகர்) எடுத்துச் செல்லுங்கள். கொட்டிவிட்டால் தேய்க்காமல், அதைக் குறைந்தது அரை நிமிடம் ஊற்றிவிட்டு, உடனே உதவிக்கு ஆள் அழைக்க வேண்டும்.